அலையில்லாக் கடலின் அருமை: யாழ்ப்பாணக் கரைகளும் மற்றக் கரைகளும்

யாழ்ப்பாணத்துக் கடற்கரைகளைப் பற்றி அதிகம் காதில் விழுகின்ற குறை, அங்கே அலை இல்லை என்பதுதான். அதற்கு அடுத்த குறை, கரை முழுவதும் சாதாளை, அதாவது கடலிலிருந்து பிய்ந்து வருகின்ற கடற்புல் தழை, ஒதுங்கிக் கிடக்கிறது என்பது. மூன்றாவது, தங்குவதற்கு நல்ல விடுதி இல்லை என்பது. இந்த மூன்றையும் வெளியூர்க்காரர் சொல்வதைவிட நம்மவரே அதிகம் சொல்கிறார்கள் என்பதும், கடல் பார்க்க வேண்டும் என்றதும் கிழக்குக் கரையின் நிலாவெளிக்கோ பாசிக்குடாவுக்கோ, தென்கரையின் மிரிஸ்ஸவுக்கோ வான் பிடிக்கின்ற வழக்கம் இங்கே வேரூன்றிவிட்டது என்பதும் எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகின்றன. அந்தக் கரைகள் அழகில்லாதவை என்று நான் சொல்லவில்லை. சில வகைகளில் அவை நம்முடையவற்றைவிடச் சிறந்தவைதான். ஆனால் மணலின் வெண்மையையும் அலையின் உயரத்தையும் மட்டும் வைத்து அளப்பதை விட்டு, அந்தக் கடலில் யார் யார் இறங்கலாம், எந்த மாதத்தில் இறங்கலாம், அந்தக் கரை அங்கே வாழ்பவருக்கு என்ன தருகிறது என்பவற்றையும் சேர்த்து அளந்தால், யாழ்ப்பாணத்துக் கரைகள் எதற்கும் பின்னிற்க வேண்டியவை அல்ல.

முதலில் அலையைப் பார்ப்போம். குடாநாட்டின் வடக்கிலும் மேற்கிலும் இருப்பது பாக்கு நீரிணையும் பாக்கு விரிகுடாவும். இந்தியக் கரைக்கும் நமது கரைக்கும் இடையில் அடைபட்டுக் கிடக்கின்ற இந்தக் கடலின் விரிகுடாப் பகுதியில் ஆழம் பெரும்பாலும் 15 மீற்றரைத் தாண்டுவதில்லை. பெருங்கடலில் பிறந்து வருகின்ற நீண்ட அலைகள் உள்ளே நுழைவதற்கு இடமும் இல்லை, நுழைந்தாலும் ஆழமற்ற தரையில் உராய்ந்து வலுவிழந்துவிடும். மிரிஸ்ஸவின் நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கே கரையில் நின்று தெற்கே பார்த்தால் அந்தாட்டிக்கா வரைக்கும் இடையில் நிலமே இல்லை. தென்மாகடலில் எழுகின்ற அலை தடையின்றி வந்து நேராக மோதுகிறது. அலைச்சறுக்கு விளையாடுபவர் தென்கரையையும் கிழக்கே அறுகம்பையையும் தேடிப் போவதற்கும், அதே அலையால் தென்கரையில் நீச்சல் தெரிந்தவர்களும் இழுபட்டுப் போவதற்கும் காரணம் ஒன்றே.

காரைநகர்க் கசூரினாக் கரையில் நடப்பது வேறு. பொன்னாலைப் பாலத்தைக் கடந்து, ஊருக்குள் வளைந்து போய், சவுக்கு மரங்களின் கீழ் வாகனத்தை விட்டுவிட்டு இறங்கினால், நீர் கணுக்காலில் தொடங்கி முழங்காலுக்கு வருவதற்கே நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கிறது. காலடியில் கோடு கோடாக வரி விழுந்த மணல். தண்ணீர் தெளிந்திருக்கின்ற நாளில் அந்த வரிகளை மேலே நின்றே எண்ணலாம். கரையை நோக்கி வருகின்ற அலை, அலை என்று சொல்வதற்கும் போதாத ஒரு மடிப்பாக வந்து கரைந்து போகிறது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அங்கே இறங்கி நிற்பவர்களைப் பார்த்தால் இந்தக் கடலின் தகுதி விளங்கும். மூன்று வயதுப் பிள்ளை நீருக்குள் இருந்து மணல் அளைகிறது. அதன் அம்மம்மா சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்தபடி பக்கத்தில் நிற்கிறார். நீச்சலே தெரியாத தாய்மார் இடுப்பளவு நீரில் நின்று கதைக்கிறார்கள். மூன்று தலைமுறையும் ஒரே நேரத்தில் நீருக்குள் நிற்கக்கூடிய கரைகள் இலங்கையில் அதிகம் இல்லை. ஆழமில்லை என்ற துணிவில் வெகுதூரம் உள்ளே போய் ஆபத்தில் சிக்கியவர்கள் இங்கேயும் உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்; ஆனால் அது எச்சரிக்கைப் பலகையாலும் உயிர்காப்பாளராலும் தீர்க்கக்கூடிய சிக்கல், கடலின் குணத்தால் வருவதல்ல.

இந்த வகையில் கசூரினாவுக்கு உண்மையான போட்டி ஒன்றுதான்: மட்டக்களப்பு மாவட்டத்தின் பாசிக்குடா. அங்கும் நீர் ஆழமற்றது, அங்கும் வெகுதூரம் நடந்து போகலாம். வளைந்த விரிகுடாவின் அமைப்பு அலையைத் தடுத்துவிடுகிறது. மணல் நம்முடையதைவிட மென்மையானது, நீரின் நிறம் கூடுதலான நீலம். இவ்விரண்டையும் தயக்கமின்றி ஒப்புக்கொள்கிறேன். வேறுபாடு கரையில் ஏறியதும் தொடங்குகிறது. போர் முடிந்த பிறகு பாசிக்குடாவின் வளைவைச் சுற்றிப் பெரிய விடுதிகள் வரிசையாக எழுந்தன; இன்று கரையின் பெரும்பகுதிக்கு முகம் கொடுத்து நிற்பவை அவைதான். சட்டப்படி கரையோரம் அரசுக்குரியது, எவரும் நடக்கலாம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையுள்ள வலயத்தைத் தனிக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தும் இருக்கிறது. ஆனாலும் விடுதியின் மதிலுக்கும் சாய்வுக் கதிரைகளுக்கும் முன்னால் பாயை விரித்து, வீட்டில் கட்டிக்கொண்டு போன சோற்றுப் பார்சலைப் பிரிப்பதற்கு ஊர்ச்சனத்துக்கு மனம் வருவதில்லை. கசூரினாவில் அந்தக் கூச்சம் எவருக்கும் இல்லை. சவுக்கு மரத்தடியில் இருந்து சாப்பிட்டு, மிச்சக் குழம்பைப் பக்கத்துக் குடும்பத்துக்கும் கொடுக்கின்ற கரை அது.

நிலாவெளியோடு ஒப்பிடும்போது கணக்கு மாறுகிறது. மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கின்ற திருகோணமலைக் கரையோரம், ஆறுகள் மலைநாட்டிலிருந்து கொண்டுவருகின்ற மணலைப் பெறுவது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடுகின்ற ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டும் ஓடுவது. நமது நிலம் சுண்ணக்கல், நமது கரைகள் பலவற்றின் மணலில் சிப்பியும் பவளமும் நொறுங்கிய துகள்கள் நிறைய உண்டு. ஆகவே அது சற்று மங்கலாக, வெறுங்காலுக்குக் கொஞ்சம் கரகரப்பாக இருக்கிறது. நீருக்கடியில் பவளப்பாறையையும் மீனையும் பார்க்க விரும்புகின்றவர் நிலாவெளிக்குப் போய், அங்கிருந்து படகில் புறாமலைக்குப் போவதே முறை. 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட அந்தத் தீவுக்கு இணையாகக் குடாநாட்டில் நான் காட்டக்கூடிய இடம் இல்லை. நீந்தத் தெரிந்தவருக்கும் நிலாவெளியே நல்லது. ஆனால் அந்தக் கரை பருவத்துக்கு அடங்கியது. ஐப்பசி பிறந்து வாடை என்கின்ற வடகிழக்குக் காற்று எழுந்துவிட்டால் கிழக்குக் கரை முழுவதும் கொந்தளிக்கும். பங்குனி, சித்திரை வரும்வரை அங்கே நிம்மதியாகக் குளிக்க முடியாது. தென்மேற்குக் கரையோ வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை கொந்தளிப்பது. சுற்றுலாக்காரர் ஆண்டுக்கு இரண்டு பருவம் என்று பிரித்து, பாதி ஆண்டு கிழக்கிலும் பாதி ஆண்டு தெற்கிலும் இறங்குவதன் காரணம் இதுவே.

குடாநாட்டின் சிறப்பு இந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது. இங்கே பருவம் மாறினால் மாவட்டத்தை மாற்ற வேண்டியதில்லை, பஸ்ஸை மாற்றினால் போதும். சோளகம் என்கின்ற தென்மேற்குக் காற்று வீசுகின்ற மாதங்களில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போவதால் வடக்கே பார்த்த கசூரினாக் கரை அமைதியாகக் கிடக்கும். அதே வேளையில் தெற்குப் பக்கம் பார்த்த வேலணைச் சாட்டிக் கரையில் காற்று முகத்தில் அடிக்கும், நீரும் கலங்கும். வாடை தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிறது. வல்வெட்டித்துறையிலும் பருத்தித்துறையிலும் கடல் சீறி எழும். சாட்டி அடங்கிப் போகும். கடற்றொழில் செய்கின்றவர்களுக்கு இது பிறப்பிலேயே தெரிந்த செய்தி. எந்தக் காற்றுக்கு எந்தக் கரை என்ற அவர்களுடைய கணக்கை உல்லாசமாகக் குளிக்கப் போகின்ற நாம் கேட்டுக்கொள்வதில்லை. மார்கழியில் கசூரினாவுக்குப் போய், நீர் கலங்கிக் கிடக்கிறது என்று சலித்துக்கொண்டு திரும்புகின்றவர், பண்ணைப் பாலத்தால் சாட்டிக்குப் போயிருந்தால் அன்றைய பொழுது வேறாக இருந்திருக்கும். யாழ்ப்பாண நகரிலிருந்து இரண்டு கரைகளும் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் உள்ளவை. மிரிஸ்ஸவுக்கோ 500 கிலோமீற்றருக்கும் மேல் போக வேண்டும்.

தென்கரையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அலைக்கும், மார்கழி முதல் பங்குனி வரை மிரிஸ்ஸவில் படகேறிப் பார்க்கக்கூடிய நீலத்திமிங்கிலத்துக்கும் அது ஈடற்றது. உணவும் உறைவிடமும் வாய்ப்பானவை. ஆனால் அங்கே கரை என்பது முழுக்க முழுக்க விருந்தாளிக்கானது. கதிரையில் இருந்தால் ஏதாவது வாங்க வேண்டும். இரவானால் இசையின் இரைச்சல். உனவட்டுனவில் கரையோரம் நெருக்கமாகக் கட்டிடங்கள் எழுந்ததும், அலைதாங்கி கட்டியதும், மணல் அரிக்கப்பட்டதும், பின்னர் கடலுக்குள்ளிருந்து மணலை அள்ளிக் கரையில் கொட்ட வேண்டி வந்ததும் நாமெல்லாம் கவனித்துப் பார்க்க வேண்டியவை.

மனிதக் கையால் மணல் இடம்பெயர்வதற்குச் சென்னை மெரீனாவைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. யாழ்ப்பாணத்தவர் பலருக்கு மெரீனாதான் மனத்தில் பதிந்த முதற் கடற்கரை. சென்னையில் தங்கிய காலத்துச் சுண்டலும் மாங்காய்த் துண்டும் இன்றும் பேச்சில் வரும். அந்த அகன்ற மணல்வெளி பழங்காலந்தொட்டு இருந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டியபோது, கரையோரமாக வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த மணல் அந்தச் சுவரின் தென்பக்கத்தில் தேங்கியது. மெரீனா வளர்ந்தது, சுவருக்கு வடக்கே இராயபுரம் பக்கத்துக் கரைகள் மணல் வரத்தின்றி அரிக்கப்பட்டன. 1880களில் ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் மெரீனாவை உலாவும் இடமாக அமைத்தார். நடப்பதற்கும் காற்று வாங்குவதற்கும் கூட்டத்தோடு கூட்டமாக இருப்பதற்கும் மெரீனா பேரிடம்தான். குளிப்பதற்கு அது இடமல்ல. கரை சட்டென்று ஆழமாகிறது, இழுப்பும் கடுமை. அந்த நகரத்து மக்களுக்குக் கடல் கண்ணுக்கு மட்டுமே உரியது. நமக்கு அது உடம்புக்கும் உரியது.

இவ்வளவும் சொன்னதால் குடாநாட்டுக் கடல் முழுவதும் சாதுவானது என்று எவரும் நினைக்க வேண்டாம். வடமராட்சி கிழக்கில் மணற்காடு, குடத்தனை, அம்பன், நாகர்கோவில் என்று நீள்கின்ற கரை வங்காள விரிகுடாவை நேராக எதிர்கொள்வது. என்னைக் கேட்டால் யாழ்ப்பாண மாவட்டத்தின் மிகப் பெரிய கரை அதுதான். கசூரினாவுக்குக் கிடைத்த பெயரில் பாதிகூட அதற்குக் கிடைக்கவில்லை. பனை உயரத்துக்கு எழுந்த மணற்குன்றுகள், அவற்றுக்கிடையே பாதி மணலுள் புதைந்து நிற்கின்ற பழைய அந்தோனியார் கோவிலின் சுவர்கள், அப்பால் சவுக்கங்காடு, அதற்கும் அப்பால் ஓயாத அலை. புரட்டாதியில் வல்லிபுர ஆழ்வாரின் கடல் தீர்த்தத்துக்கு மணலைக் கடந்து சனம் திரளுகின்ற நாளில் கரை மனிதரால் நிறையும். மற்ற நாட்களில் நண்டும் தொழிலாளரும்தான். இந்தக் கரையில் குளிக்கக் கூடாது, பார்க்க வேண்டும். குறிப்பாகக் கரைவலை இழுக்கின்ற காலைப் பொழுதைப் பார்க்க வேண்டும். வள்ளத்தில் வலையை அரைவட்டமாக விட்டுவந்து, இரண்டு பக்கமும் கம்பாவை, அதாவது வலையின் கயிற்றை, பிடித்து ஆட்கள் பின்னோக்கி நடப்பார்கள். முன்னர் அம்பாப் பாட்டுப் பாடி இழுத்தார்கள். பின்னர் பல இடங்களில் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் இழுக்கத் தொடங்கியது. மடி கரைக்கு வந்ததும் சூடையும் நெத்தலியும் துள்ள, காகமும் நாயும் சுற்றிவர, பங்கு பிரிப்பும் விலை பேசுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். 2004 மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை இந்தக் கரையில் பெருந்தொகையானோரை வாரிக்கொண்டு போனது. உடுத்துறையிலுள்ள நினைவாலயத்தில் ஆண்டுதோறும் விளக்கேற்றுகின்ற குடும்பங்களே, மறுநாள் அதே கடலில் தொழிலுக்குப் போகின்றன. தென்கரையின் எந்த உல்லாசக் கரையோடும் மணற்காட்டை ஒப்பிட முடியாமைக்கு இதுவே காரணம்.

மணலுக்குக் கீழே இருப்பதையும் ஒப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்று முதலிலேயே எனக்குப் பட்டதற்குக் காரணம் சாட்டி. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், மணற் பாங்கான நிலத்தில், அங்கே நல்ல தண்ணீர்க் கிணறுகள் உண்டு. மாரி மழை மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. தீவுப்பகுதியில் நன்னீருக்கு இருக்கின்ற தட்டுப்பாட்டில் இந்தக் கிணறுகளின் பெறுமதி சொல்லில் அடங்காது. கடலில் குளித்துவிட்டு, சிந்தாத்திரை மாதா கோவிலடியில் நன்னீரை அள்ளி முகம் கழுவுகின்றவர் அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். கீரிமலையில் இதே நீர் இன்னும் துணிவாக வெளிப்படுகிறது. சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக நிலத்துக்குள் ஓடிவந்து, கடல் அலை தெறிக்கின்ற இடத்திலேயே ஊற்றெடுத்துக் கேணியை நிரப்புகிறது. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் உப்புக் கடல், இந்தப் பக்கம் ஊற்று நீர். ஆடி அமாவாசையில் தந்தையரை நினைந்து நீராட வருகின்றவர்கள் கடலிலும் கேணியிலும் மாறி மாறி மூழ்கி எழுவார்கள். நிலாவெளியிலோ மிரிஸ்ஸவிலோ உப்பைக் கழுவ விடுதிக் குழாயைத் தேட வேண்டும்.

சாதாளைக் குறைக்கும் மறுமொழி இருக்கிறது. கரையில் கறுத்து ஒதுங்குகின்ற அந்தத் தழை, ஆழமற்ற கடலின் அடியில் பரந்து கிடக்கின்ற கடற்புல் வெளிகளிலிருந்து பிய்ந்து வருவது. இறாலுக்கும் நண்டுக்கும் ஒட்டி மீனுக்கும் கடலட்டைக்கும் அந்தப் புல்வெளியே வளரும் இடம். யாழ்ப்பாணத்து நண்டுக் குழம்புக்கும் ஒடியற்கூழுக்கும் இருக்கின்ற பெயர் அந்தப் புல்லில் தொடங்குகிறது. அதை மேய்ந்து வாழ்கின்ற ஆவுளியா என்கின்ற கடற்பசுவுக்காகத் தமிழ்நாட்டு அரசு 2022இல் பாக்கு விரிகுடாவின் தன் பக்கத்தில் ஒரு காப்பகத்தை அறிவித்தது. அதே புல்வெளியைத்தான் இழுவைமடிப் படகுகள் அடியோடு வாரிக்கொண்டு போகின்றன என்று நமது தொழிலாளர்கள் இத்தனை காலமாக முறையிட்டு வருகிறார்கள். சாதாளை ஒதுங்காத கரை பார்வைக்குத் துப்புரவாக இருக்கலாம். ஆனால் இந்தக் கடலில் அது ஒதுங்காமல் போகின்ற நாள் வந்தால், அது நல்ல நாளாக இராது.

இனி நாம் உண்மையாகவே பின்தங்கியிருக்கின்ற இடங்கள். கசூரினாவில் உடைமாற்றவும் குளிக்கவும் மலசலகூடத்துக்கும் இருக்கின்ற வசதி, விடுமுறை நாட்களில் வருகின்ற கூட்டத்துக்குப் போதுவதில்லை; பெண்களுக்கும் முதியவருக்கும் இது பெரிய இடைஞ்சல். சாட்டியில் பிளாஸ்ரிக் போத்தல்களும் உணவுப் பெட்டிகளும் புதர் ஓரங்களில் குவிகின்றன. வாடைக் காலத்தில் நீரோட்டம் கொண்டுவருகின்ற குப்பை ஒரு பங்குதான். எஞ்சியதை நாமே விட்டுவருகிறோம். மயிலிட்டித் துறைமுகம் 27 ஆண்டுகளுக்குப் பிறகு 2017 ஆடியில் படையினரிடமிருந்து மக்களிடம் திரும்பி வந்தபோது ஊரே கூடி நின்றதை மறக்க முடியாது. ஆனாலும் வலிகாமம் வடக்கின் கரையோரத்தில் இன்னும் பொதுமக்கள் இயல்பாக நடமாட முடியாத பகுதிகள் உள்ளன. அங்கே பிறந்தவர்களுக்கு, பாசிக்குடாவுக்கும் தங்கள் ஊர்க்கரைக்கும் உள்ள ஒப்பீடு என்பதே இதுவரை செய்து பார்க்கக் கிடைக்காத ஒன்று.

எல்லாவற்றிலும் அவசரமானது மணல். வடமராட்சி கிழக்கின் குன்றுகளிலிருந்து இரவு பகலாக மணல் அள்ளப்படுவதைப் பற்றி அந்த ஊர்ச்சனம் சலிக்காமல் எதிர்த்துப் பேசிவருகிறது. வீடு கட்டுவதற்கு மணல் வேண்டும் என்பது உண்மை, நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குன்று நூற்றாண்டுக் கணக்காகக் காற்று சேர்த்து வைத்தது. மழைநீரைப் பிடித்து வைப்பதும் அதுதான், கடல் ஏறி வருகின்ற நாளில் ஊருக்கு முன்னால் நிற்பதும் அதுதான். உனவட்டுனவில் காசு கொடுத்துக் கடலடியிலிருந்து மணலை வரவழைத்தார்கள்; நாம் இருக்கின்ற மணலை ரிப்பர் லொறியில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறோம். கரையோரக் குன்றுகளில் மணல் அகழ்வுக்கான அனுமதியை முற்றாக நிறுத்தி, கட்டுமானத்துக்கான மணலை மாவட்டத்துக்கு வெளியிலிருந்து ரயிலில் கொண்டுவருகின்ற ஏற்பாட்டைப் பிரதேச சபைகளும் மாவட்டச் செயலகமும் சேர்ந்து செய்ய வேண்டும். செலவு கூடும் என்றாலும் அதைச் செய்யத்தான் வேண்டும்.